முனை தேய்ந்த செருப்புகள்

சென்ற மாதம் தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் காவலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ரொம்ப நேரமா பாத்துக்கிட்டே இருக்கேன். இதுல எது சார் உங்களுது?"

என்னுடையது என் காலிலேயே இருந்தது. அது என் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. நல்லவேளை, என் மனைவி வந்து சேர்ந்தாள். "அவரு ரிட்டையர் ஆன சயின்டிஸ்ட்ங்க. திருட மாட்டாரு. பார்க்க மட்டும்தான் செய்வாரு" என்று சொல்லி என்னை மீட்டாள். காவலாளி நம்பவில்லை. நாங்கள் சாப்பிட்டுத் திரும்பும்வரை என்மேல் ஒரு கண் வைத்தே இருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இந்தக் கூத்தை நித்யாவிடம் என் மனைவி சொல்லிவிட்டாள். ஆய்வகத்தில் நான் விட்டுவந்த மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் நித்யா. சிரித்து முடித்துவிட்டு, "சார், இப்பல்லாம் யாரும் செருப்பைப் பாக்குறதில்லை. ரத்தத்தை அனுப்பினா எங்கேயோ ஒரு மிஷின் எல்லா ஜீனையும் ஒரே மூச்சில படிச்சு மெயில்ல அனுப்பிடுது. நீங்க ஏன் அப்படிச் சந்தேகப்பட்டீங்கன்னு எழுதிக் கொடுங்க, புதுசா வந்தவங்க படிக்கட்டும்" என்றாள். மெயிலில் வருவதை அப்படியே நம்புகிறார்கள் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விலங்கியல் படித்தேன், பழ ஈ வளர்த்தேன், முனைவர் பட்டம் வாங்கினேன், மதுரையில் தசைநோய்களின் மரபியலை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது. நான் அதிக காலம் துரத்திய நோய் ஒன்று உண்டு. அது குழந்தைப் பருவத்தில் தலைகாட்டாது. படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணப் பேச்சு எடுக்கும் வயதில்தான் மெதுவாக வரும். பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்க முடியாமல் போகும். நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், போட்டிருந்தவருக்குத் தெரியாது. பிறகு கால்கள், கைகள் என்று ஒவ்வொன்றாகத் தளரும். தொடையின் முன்பக்கம் மட்டும் வெகுகாலம் பிடிவாதமாக நிற்கும். இன்றுவரை இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது.

இந்த நோய் வர, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒரு மரபணுவின் பழுதான பிரதிகள் இரண்டும் வந்து சேர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது; அதைச் சுமந்துகொண்டு நூறு வயது வாழலாம். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேருவது சுலபம்.

என் மேலதிகாரி டாக்டர் கோமதி. நாங்கள் மேடம் என்போம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. புறநோயாளிகளைக் கூப்பிடும் முன் வராந்தாவுக்குப் போவார். அறைக்கு வெளியே கழற்றிவிட்ட செருப்புகளைப் பார்ப்பார். முனை தேய்ந்திருந்தால் பாதம் தரையை உரசுகிறது. பின்வார் புதிதாகச் சேர்த்திருந்தால் செருப்பு நழுவுகிறது. "மனுஷங்க மறைப்பாங்க. செருப்புக்கு மறைக்கத் தெரியாது" என்பார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும், பையன் இருப்பான். அவர்கள் சொல்வதை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

நாங்கள் ஒரு முடிவை எடுத்துக்கொண்டு போனால் மேடம் தாளைப் பார்க்க மாட்டார். முதலில் எங்கள் முகத்தைப் பார்த்து, "இது யாரோட ரத்தம்?" என்பார். பெயரைச் சொன்னால், "பேரைக் கேக்கலை. யாரோட ரத்தம்?" என்று மறுபடி கேட்பார். ஊசி உள்ளே போனதை உன் கண்ணால் பார்த்தாயா என்று அர்த்தம். நோயாளியின் பக்கத்திலிருந்து நகரும் முன்பே ட்யூபில் பெயர் ஒட்ட வேண்டும். ஒட்டியதை அவரையே படிக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஆய்வகத்தில், நோய்க்கான சோதனைக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் சோதனையும் நடக்கும். ஒவ்வொருவர் மரபணுவிலும் ஆளுக்கு ஆள் வேறுபடும் சில இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் பாதி அப்பாவுடையது, பாதி அம்மாவுடையது. பெயர் ஒட்டியிருப்பவர் உண்மையில் அந்த வீட்டுப் பிள்ளைதானா என்று அதில் தெரிந்துவிடும். கெட்ட முடிவை மேடம் ஒருமுறை சரிபார்ப்பார். நல்ல முடிவு வந்தால் தூங்க மாட்டார்.

இனி ராஜாத்தியின் கதை.

ஆனையூரிலிருந்து முருகேசன் என்ற இளைஞரை அவர் தங்கை ராஜாத்தி அழைத்து வந்தாள். அவர் செருப்பு முனைகள் இரண்டும் தேய்ந்திருந்தன. சோதித்தோம், நாங்கள் துரத்தும் நோயேதான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தாய்மாமன் மகன் சரவணன். கீழக்குயில்குடிக்காரர், தல்லாகுளத்தில் ஒரு இருசக்கர வாகன ஷோரூமில் வேலை. இரண்டு வீட்டுக்கும் இடையே இரட்டை உறவு. ராஜாத்தியின் அப்பா தாய்மாமனின் தங்கையைக் கட்டியிருந்தார். தாய்மாமன் பெரியசாமி அந்த அப்பாவோடு பிறந்த அத்தையைக் கட்டியிருந்தார். அந்த வம்சப் படத்தை வரைந்து முடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முருகேசனுக்கு எங்கிருந்தெல்லாம் பழுது வந்ததோ, அதே இரண்டு வழிகளும் சரவணன் வீட்டுக்குள்ளும் போயின.

ராஜாத்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்குப் பொறக்குற புள்ளைக்கு இது வருமா சார்?"

அதற்கு இரண்டு பேர் ரத்தமும் வேண்டும். ராஜாத்தியின் ரத்தத்தை முருகேசன், அம்மா ஆகியோரின் ரத்தத்தோடு ஆய்வகத்திலேயே எடுத்தோம். தாய்மாமன் பெரியசாமியும் வந்தார். மாட்டுத்தீவன வியாபாரி, கனத்த உடம்பு, எங்களைத் தரகர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எடுக்குற ரத்தத்த என்ன செய்வீக? விக்க மாட்டீகளே?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினார். சரவணனுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு லேபில் கொடுத்த ரத்தத்தை ராஜாத்தியே ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். வெளியே எடுத்த ரத்தத்தையும் அன்று வாங்கிக்கொள்வோம். அந்த வழக்கம் இந்தச் சம்பவத்தோடு நின்றது.

முடிவுகள் வந்தன. பெரியசாமியிடம் ஒரு பழுது இருந்தது. ராஜாத்தியிடம் ஒன்றுமில்லை. சரவணன் ட்யூபிலும் ஒன்றுமில்லை.

எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய செய்தி. மேடம் தாளைக் கையில் வாங்கவில்லை. "சரவணனோடது யாரோட ரத்தம்?" என்றார். அந்த ஊசி உள்ளே போனதை எங்களில் யாரும் பார்க்கவில்லை. ஆள் சோதனையைப் பார்த்தோம். பெரியசாமியோடு பாதி பொருந்த வேண்டிய இடங்கள் பல பொருந்தவே இல்லை. அந்த ட்யூபில் இருந்தவர் பெரியசாமியின் மகன் இல்லை.

இதற்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ட்யூபில் இருந்தது வேறொருவர் ரத்தம் என்பது ஒன்று. மற்றதை நான் வாய்விட்டுச் சொல்லப்போனேன். மேடம் கையைத் தூக்கித் தடுத்தார். "அது நம்ம யாரும் கேக்காத கேள்வி. கேக்காத கேள்விக்குப் பதில் இந்த ரூமை விட்டுப் போகக்கூடாது. ஒரு பொம்பளை வாழ்க்கை அதுல இருக்கு." சரவணனின் அம்மாவை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை. ஆனால் அன்று முழுக்க அந்த அம்மாளை நினைத்துத்தான் பயந்தேன். என் சந்தேகம் தவறாக இருக்கட்டும் என்று என் உத்தியோக வாழ்க்கையில் நான் மனதார வேண்டிக்கொண்ட ஒரே நாள் அது.

முதல் மாதிரி தேறவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மேடமும் நானும் கீழக்குயில்குடிக்கே போனோம். மலையடிவாரத்தில் புது மெத்தை வீடு. வாசலில் செருப்புகள் கிடந்தன. நானும் மேடமும் ஒரே ஜோடியைப் பார்த்தோம். ஆண் செருப்பு, அதிகம் உழைக்காதது, முனை மட்டும் மழுங்கியிருந்தது. குதிகாலைப் பிடிக்க ஒரு கறுப்புப் பட்டை, பழைய பையின் வாரை வெட்டிக் கையால் தைத்தது.

எனக்குச் சந்தேகம் பெரியசாமிமேல். மகனுக்கு நோய் இருப்பதை மறைத்து, யாரோ ஒருவன் ரத்தத்தை அனுப்பி, தங்கை மகளைக் கட்டிவைக்கப் பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"எம்புட்டுத் தடவதாங்க எடுப்பீக? ஆட்டுக்குக்கூட ஒரு தடவதான் கத்தி" என்று அவர் சத்தம் போட்டார். எனக்கு அது நடிப்பாகத் தெரிந்தது.

சரவணன் கையை நீட்டினார். ஊசி உள்ளே போனதை நான் பார்த்தேன், மேடம் பார்த்தார். ட்யூபில் ஒட்டிய பெயரைச் சரவணனே படித்தார். எழுந்தபோது மேடம் வெகு சாதாரணமாக, "தம்பி, குதிகாலை ஊனி, முன்பாதத்தைத் தூக்கிக்கிட்டு ரெண்டடி நடங்க பார்ப்போம்" என்றார்.

சரவணன் சிரித்தார். "வேலைக்கு நேரமாச்சு டாக்டர், வாரேன்" என்று உள்ளே போனார். நிலைப்படியைத் தாண்டும்போது முழங்காலை அளவுக்கு மேல் தூக்கித் தாண்டினார். வேறெந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.

இரண்டாவது ட்யூப் பெரியசாமியோடு எல்லா இடத்திலும் பொருந்தியது. சரவணன் அவர் மகன்தான். சொல்லக்கூடாத அந்தச் சந்தேகம் ஒழிந்தது. நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆனால் அதே ட்யூபில் பழுது இரண்டும் இருந்தன. சரவணனுக்கு நோய்.

பெரியசாமியைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ராஜாத்தி தனியாக வந்து நின்றாள்.

"மச்சான குதிகால்ல நடக்கச் சொன்னீகளாம்."

மேடம் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. மச்சான் கூட வேலை பாக்குற ஒருத்தரு ரத்தம் அது. நாந்தான் கேட்டேன், நாந்தான் கொண்டாந்தேன். மச்சான் வேணாம்னுதான் சொன்னாரு."

"ஏம்மா அப்படிச் செஞ்ச?" என்றேன். கோபம் எனக்கு அடங்கவில்லை. "உங்க அண்ணன் கஷ்டத்தை நீ பாக்கலையா?"

"பாத்ததுனாலதான் சார் தெரியும். அண்ணன் மாதிரியே மச்சானும் படியேறுனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தச் செருப்புக்கு வாரு தச்சதே நாந்தான். இது வெளிய வந்தா ரெண்டு வீடும் சேந்து கல்யாணத்த நிப்பாட்டிரும். எனக்கு வேற இடம் பாப்பாக. அவருக்கு யாரு பாப்பாக?" என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "அம்புட்டுப் பேரையும் சந்தேகப்பட்டீகளே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கி வந்தவள் அவள்தான். கல்யாணப் பெண், பாவம், ஏமாற்றப்படப் போகிறவள் என்று நினைத்துக்கொண்டு அவளை மட்டும் விட்டுவிட்டேன். அவள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது, அதே சமயம் கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்கத் தாள்களை அடுக்கினேன்.

"ரத்தத்தை மாத்துனியே, அப்ப உன் கேள்விக்கு எப்படிப் பதில் கிடைக்கும்? புள்ளைக்கு வருமான்னு கேட்டியே" என்றார் மேடம்.

"மச்சானுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும். எனக்கு இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும்னு நெனச்சேன். எனக்கு இருந்தா புள்ளையே வேணாம். அவரு போதும்."

முன்பே சொன்னேன், அவள் ட்யூபில் ஒன்றுமில்லை. அவளுக்கு இன்னும் அதை நாங்கள் சொல்லவில்லை; இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் சொல்வது மேடத்தின் முறை. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு ட்யூபை மாற்றத் துணிந்தவளின் இன்னொரு ட்யூபை எப்படி நம்புவது? அவள் ரத்தம் ஆய்வகத்திலேயே எடுத்ததுதான், அம்மாவோடு பொருந்தியதுதான். இருந்தாலும் நல்ல முடிவு அது.

"உன் ரத்தத்தையும் மறுபடி எடுக்கணும்" என்றார் மேடம்.

"என் ரத்தம் என் ரத்தந்தான்."

"தெரியும். மாமாவையும் அத்தையையும் கூட்டிட்டு வா. அவங்க கண்ணு முன்னாடி எடுப்போம்."

அப்படியே எடுத்தோம். நான் ஒருமுறை சோதித்தேன். என் முடிவைக் காட்டாமல் வேறொருவரைக் கொண்டு மேடம் இன்னொருமுறை சோதித்தார். ஒன்றுமில்லை. அண்ணனுக்கு இரண்டும் போன அதே வீட்டில், இவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. மேடம் அன்றைக்குத்தான் தாளைக் கையில் வாங்கி, மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் தடவினார்.

சொல்லும் நாளில் சரவணனும் ராஜாத்தியும் உட்கார்ந்தார்கள். தனக்குத் தெரிய வேண்டியதை அவளும் கேட்கட்டும், அப்பாவும் கேட்கட்டும் என்று சரவணன் சொன்னதால் பெரியசாமியும் உள்ளே வந்தார். மேடம் எதையும் பூசி மெழுகவில்லை. நோய் இருக்கிறது, கூடும், நடை ஒருநாள் நிற்கலாம், மருந்து இப்போது இல்லை. சரவணன் தலையாட்டினார். பைக்கை நிறுத்தும்போது கால் ஊன்ற முடியாமல் விழுந்த நாளிலேயே தெரியும் என்றார். பெரியசாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கனத்த மனிதருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்பதை அப்போதுதான் நான் நம்பினேன்.

"புள்ளைக்கு?" என்றாள் ராஜாத்தி.

"வராது. உன்கிட்ட பழுது இல்லை. புள்ளை அப்பாகிட்ட இருந்து ஒண்ணைச் சுமக்கும், அவ்வளவுதான். அதால புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கு அதுக்குக் கல்யாணம் பேசும்போது மட்டும் சொந்தத்துல செய்யாதீங்க, இங்க கூட்டிட்டு வாங்க."

ரத்தத்தை மாற்றியதை ஒப்புக்கொண்டபோது அழாதவள், கல்யாணம் நின்றுவிடும் என்று சொன்னபோது அழாதவள், அப்போது நாற்காலியில் சாய்ந்து அழுதாள். சரவணன் அவள் தோளைத் தொடப்போய், அப்பா இருப்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

பெரியசாமி எங்களை நோக்கித் திரும்பினார். "இம்புட்டு நாளு எங்க எல்லாத்தையும் சந்தேகப்பட்டீக. இப்ப நல்லதுன்னு ஒண்ணு சொன்னா, அத நாங்க எப்படிங்க நம்புறது?"

நான் வாயைத் திறந்தேன். மேடம் முந்திக்கொண்டார். "நம்பாதீங்க. இன்னொரு ஊர்ல கொடுத்துப் பாருங்க. எங்க கேக்கணும்னு நானே சொல்றேன்." அவர் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. தன்னைப்போலவே ஒருவரைச் சந்தித்துவிட்ட மரியாதை அந்தக் குரலில் இருந்தது. பெரியசாமி அப்படியே செய்தார். அங்கும் அதே முடிவு வந்தது. பிறகுதான் பத்திரிகை அடித்தார். கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்.

அவள் செய்தது சரியா என்று என்னை நித்யா கேட்டாள். சரியில்லை. அவள் கொண்டுவந்த பொய்யை நாங்கள் நம்பி, அவள் இடத்தில் பழுதுள்ள இன்னொரு சொந்தக்காரப் பெண்ணும் இருந்திருந்தால், பிள்ளைக்கு வராது என்று தவறாகச் சொல்லியிருப்போம். அது வேறு, அவளை எனக்குப் பிடித்துப்போனது வேறு.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை அவர்களைப் பார்த்தேன். தல்லாகுளத்தில் ஒரு ஜூஸ் கடை. சரவணன் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், ஆனால் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ராஜாத்தி கையில் இரண்டு டம்ளர். அவர்கள் மகள், பள்ளிக்கூடம் போகும் வயது, கடை வாசலில் ஒரு கல்லைக் காலால் தட்டிக்கொண்டு ஓடினாள், திரும்பினாள், மறுபடி ஓடினாள்.

அந்தக் குழந்தைக்கு அந்த நோய் வர வழியில்லை. சோதனையைச் செய்தவன் நான். இரண்டு ஊரில் பார்த்தாகிவிட்டது. வருவதானாலும் இந்த வயதில் வராது, அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், சரவணன் ஏதோ நலம் விசாரிக்க விசாரிக்க, நான் அந்தக் குழந்தையின் முன்பாதம் தூக்குகிறதா, குதிகால் எப்படி இறங்குகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதற்கெல்லாம் நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

ராஜாத்தி என் கையில் டம்ளரைக் கொடுத்தாள். கோபமில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"சார், அவ காலப் பாக்காதீக. மொகத்தப் பாருங்க."

பார்த்தேன். வெயிலில் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டு, யாரோ தெரியாத கிழவன் தன்னையே பார்க்கிறானே என்று அந்தப் பிள்ளை என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.